கவுன்சலிங் அறையில் எத்தனை நாற்காலி?

மனிதரின் மகிழ்ச்சியையும் பலங்களையும் ஆராய்கிற நேர்மறை உளவியலில் ரொம்பப் பேர்போன பயிற்சி ஒன்று உண்டு. உங்களுக்குப் பெரிய உதவி செய்தவர், ஆனால் நீங்கள் சரியாக நன்றி சொல்லாமல் விட்டவர் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். தபாலில் போடக்கூடாது. நேரில் போய், எதிரே உட்கார்ந்து, வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய கூட்டாளிகளும் இந்தப் பயிற்சியையும் இன்னும் சிலவற்றையும் இணையம் வழியாக 577 பேரிடம் சோதித்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடிதம் வாசித்தவர்களுக்கு மகிழ்ச்சி சட்டென்று ஏறி, ஒரு மாதம் வரைக்கும் இறங்காமல் இருந்ததாம்.

சரி, இதை நம் வீட்டில் செய்து பாருங்கள். ராத்திரி ஏழரை மணி. அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்லூரிக்குப் போகிற மகன் ஒரு காகிதத்தோடு வந்து எதிரே உட்கார்ந்து, "அப்பா, நீங்க எனக்காக எவ்வளவோ செஞ்சிருக்கீங்க..." என்று வாசிக்க ஆரம்பிக்கிறான். முதல் வரிக்கு டிவி சத்தம் குறையும். இரண்டாவது வரிக்கு "ஏய், இங்க வா" என்று அம்மாவுக்கு அழைப்பு போகும். மூன்றாவது வரியில் "என்னடா ஆச்சு? எங்கயாச்சும் மாட்டிக்கிட்டியா? பணம் கிணம் வேணுமா?" அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அதற்கும் மேல் ஒரு பயம் இருக்கிறது. பிள்ளைகள் கடிதம் எழுதி வைத்தார்கள் என்றாலே பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற காலம் இது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கான கவுன்சலராக வேலை செய்கிறேன். இந்தப் பயிற்சியைப் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே கொடுக்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

தமிழர்களுக்கு நன்றி உணர்ச்சி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. செய்ந்நன்றி மறந்தவனுக்கு உய்வே இல்லை என்று சொன்ன ஊர் இது. ஆனால் இங்கே நன்றியைச் சொல்வது வேறு, காட்டுவது வேறு. நெருங்கியவரிடம் வாயைத் திறந்து நன்றி சொன்னால் அவரைத் தள்ளி நிறுத்தியதுபோல் ஆகிவிடுகிறது. "எனக்குப் போய் தேங்க்ஸ் சொல்ற?" என்று கோபித்துக்கொள்ளாத அத்தை எந்த வீட்டில் இருக்கிறார்?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. கிறிஸ்டின் லேயஸ், சோன்யா லியுபோமிர்ஸ்கி ஆகியோர் கொரிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க மாணவர்களுக்கும் தென் கொரிய மாணவர்களுக்கும் ஒரே பயிற்சிகளைக் கொடுத்தார்கள்: நன்றிக் கடிதம் எழுதுவது, அடுத்தவருக்குச் சின்னச் சின்ன உதவி செய்வது. உதவி செய்வதால் கிடைத்த பலன் இரண்டு நாட்டு மாணவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நன்றிக் கடிதம் மட்டும் கொரிய மாணவர்களுக்கு அமெரிக்கர்கள் அளவுக்குப் பலன் தரவில்லை. நன்றியோடு சேர்ந்து கடன்பட்ட உணர்வும், திருப்பிச் செய்யவில்லையே என்ற உறுத்தலும் எழுந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் ஒரு பையன் இருந்தான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், இனி வருகிறவர்களுக்கும் அப்படித்தான்.) முதலாண்டில் அவனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியது ஒரு சீனியர் அண்ணன். அவருக்கு எழுதிப் பார்க்கலாமே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் மேம், அண்ணன் கூச்சப்படுவாரு" என்றான். அடுத்த வருடம் ஒரு ஜூனியர் பையனுக்கு இவன் கட்டணம் கட்டினான் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடிதத்தைவிட இது நல்ல பயிற்சி என்றே நினைக்கிறேன். கொரியத் தரவும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் யார் என்று ஒருவர் கணக்கெடுத்தார். முக்கியமான ஆய்விதழ்களில் வந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் இருப்பதோ உலக மக்கள்தொகையில் 12 சதவீதம். ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் இருவரும் 2010-இல் எழுதிய கட்டுரை இந்தக் கணக்கை எல்லாருடைய கண்ணிலும் படவைத்தது. நாங்கள் எம்.எஸ்ஸி. படிக்கும்போது 'மனிதன்' என்று மனப்பாடம் செய்தது பெரும்பாலும் ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவனைத்தான்.

ஆனால் பயிற்சிகளை மாற்றிக்கொள்வது எளிது. எனக்குப் பெரிய கேள்வி, கவுன்சலிங் அறையின் அமைப்பிலேயே இருக்கிறது. பாடப்புத்தக அறையில் இரண்டு நாற்காலி. கதவு மூடியிருக்கும். ஐம்பது நிமிடம். உள்ளே வருகிறவர் தனியாள். தன் பிரச்சினையைத் தானே சொல்லுவார், தன் முடிவைத் தானே எடுப்பார், கவுன்சலர் அறிவுரை சொல்லக்கூடாது. இந்த அமைப்பை இயற்கையின் விதிபோலத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

என் அறைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். பெண்ணோடு அம்மா வருவார். அம்மாவோடு சித்தப்பா வருவார், "அவருதான் எல்லாம் பார்த்துக்கிறாரு." ஹாஸ்டலிலிருந்து வந்தால் தோழி ஒருத்தி கூடவே வந்து, "இவ சாப்பிடவே மாட்டேங்குறா மேம்" என்று ஆரம்பித்து வைப்பாள். சம்பந்தப்பட்டவள் கடைசியில்தான் பேசுவாள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து, "நீங்களே சொல்லுங்க மேம், என்ன செய்யலாம்?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டால் இவருக்கு ஒன்றும் தெரியாது போல என்று எழுந்து போய்விடுவார்கள்.

பெங்களூரில் பணியாற்றிய மனநல மருத்துவர் என்.சி. சூர்யாவும் எஸ்.எஸ். ஜெயராமும் 1964-லேயே இதை எழுதிவிட்டார்கள். இங்கே வருகிற நோயாளி, உள்மனத்தைத் தோண்டும் விளக்கத்தைவிட, தன் சூழ்நிலையில் நேரடியான ஆதரவையே எதிர்பார்க்கிறார் என்றார்கள். பஞ்சாபிக் கவிஞருமான மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேக்கி 1973-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் குரு-சீடர் உறவையே சிகிச்சைக்கு மாதிரியாக வைக்கலாம் என்று வாதிட்டார். சார்ந்திருப்பது ஒரு நோய்க்குறி என்று மேற்கு நினைக்கிறது, இங்கே அதையே படிக்கட்டாக்கிக்கொள்ளலாமே என்பது அவர் கட்சி. எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. குருவானவர் தவறு செய்தால் தட்டிக்கேட்க ஆள் இருக்காது. ஆசிரமக் கதைகளை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

அவர்கள் கட்டுரை எழுதினார்கள் என்றால், அதற்கும் முன்னால் வேலையில் காட்டியவர்கள் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் கூட்டம் அதிகம், பணியாளர்கள் குறைவு. அங்கே பொறுப்பில் இருந்த வித்யா சாகர், ராணுவத்திடமிருந்து பழைய கூடாரங்களை வாங்கி வளாகத்துக்குள் அடித்து, நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு என்றுதான் தோன்றும். ஆனால் குடும்பம் கூட இருந்ததால் நோயைப் பற்றிய பயம் போனது, வீடு திரும்புவது சுலபமானது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பதை முறையாகவே வைத்துக்கொண்டது. பல நாடுகளில் மனநோயாளியை உறவினரிடமிருந்து பிரித்துச் சுவருக்குள் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த விஷயத்தில் நாம் யாரையும் பார்த்துக் காப்பியடிக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பாடத்திட்டத்தில் வேலூருக்கு ஒரு பத்திகூட இல்லை.

குடும்பத்தையும் தாண்டிப் போகும் ஓர் ஆய்வு உண்டு. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் மனநலம் பாதித்தவர்கள் வந்து தங்குவார்கள். ஆர். ரகுராம் தலைமையில் மனநல ஆய்வாளர்கள் அங்கே போய், வந்து தங்கிய 31 பேரை நோய் அளவுகோலில் மதிப்பிட்டார்கள். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அந்தக் கட்டுரைப்படி, கோயிலில் பேயோட்டும் சடங்கு எதுவும் கிடையாது. குடும்பத்தார் ஒருவர் கூட இருப்பார். காலையில் எளிய பூஜை, மற்ற நேரத்தில் கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. சாமி குணப்படுத்திவிட்டார் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆதரவான, மிரட்டாத ஓர் இடத்தில் இருந்ததே பலன் தந்திருக்கலாம் என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, 31 பேர் சிறிய எண்ணிக்கை, தங்காமல் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்த 20 சதவீதத்தைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கட்டுரை வருவதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்கா அருகே இருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். 'நம் மரபில் எல்லாம் இருக்கிறது' என்று யாராவது மேடையில் பேசும்போது எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்துவிடும். வேலாயுதம்பாளையம்புதூரும் ஏர்வாடியும் ஒரே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. நம்பிக்கை இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு இடத்தில் கூட வந்த சொந்தக்காரர் பக்கத்திலேயே இருந்தார். இன்னொரு இடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இலங்கையின் வடக்கைப் பார்த்தால் அறைக்குள் யார் என்ற கேள்வி இன்னும் கடினமாகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் பல வருடங்களாக வலியுறுத்துகிற விஷயம், போரின் காயம் தனிமனிதனோடு நிற்பதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்ந்தே விழுகிறது என்பது. ஒருவரை ஒருவர் நம்பாமல் போவது, எதையும் வெளியே பேசாமல் இருப்பது, ஊரில் முன்னின்று நடத்த ஆளில்லாமல் போவது ஆகியவற்றையும் அவர் காயத்தின் அடையாளங்களாகவே பார்க்கிறார். தனியாளை உட்காரவைத்து ஐம்பது நிமிடம் பேசினால் இதில் எதுவும் சரியாகாது. அதனால் ஒப்பாரி, கோயில் சடங்கு, கூட்டாகக் கூடும் நிகழ்ச்சி எல்லாமே அங்கே உளசமூகப் பணிக்குள் வந்தன. மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியில்கூட அவரவர் மதத்துச் செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சுவாசத்தை மட்டும் கவனி என்று கிழவி ஒருத்தியிடம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கிருந்தெல்லாமோ கவுன்சலர்கள் இலங்கையில் வந்து இறங்கினார்கள். மொழி தெரியாமல், சில வாரங்களில் திரும்பிப் போகிறவர்கள் பலர். நடந்ததை ஒரே அமர்வில் கொட்டிவிடச் சொல்லும் முறையைப் பேரிடர் களங்களில் செய்யவேண்டாம் என்று பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்லிவிட்டது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விஷயத்துக்கு வருவோம். போர் முடிவில் கணவரை ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து, பதினைந்து வருடமாகக் காத்திருக்கிற பெண் நெற்றியில் பொட்டு வைக்கலாமா? வைத்தால் ஊர் ஒன்று சொல்லும், வைக்காவிட்டால் அவளே அவரைச் சாகடித்ததுபோல் ஆகிவிடும். திவசம் கொடுக்க உடல் இல்லை, தேதி இல்லை. 2016-இல் இலங்கை அரசு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக 'காணாமல் போனமைச் சான்றிதழ்' என்ற ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தது. சொத்து, வங்கி விஷயங்களுக்கு அது உதவும். பொட்டு விஷயத்துக்கு உதவாது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் பந்தல் போட்டுப் பிள்ளைகளின் படங்களோடு உட்கார ஆரம்பித்தார்கள். கவுன்சலிங் மொழியில் இந்தத் தாய்மாரிடம் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்றுதான் சொல்ல முடியும். நேர்மறை உளவியல் மொழியிலோ 'பேரிடருக்குப் பிறகான வளர்ச்சி' என்று ஒரு கருத்து உண்டு. துன்பப்பட்டவர் அதிலிருந்து உறுதியும் புதிய அர்த்தமும் பெறலாம் என்பது. சிலருக்கு அப்படி நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை எங்கே என்று கேட்கிறவளிடம் உன்னுள் என்ன வளர்ந்தது என்று திருப்பிக் கேட்பதைப்போல அநாகரிகம் வேறில்லை. அந்தப் பந்தலில் கூட உட்கார்ந்திருக்கும் இன்னொரு தாய் செய்வதைவிட எந்தக் கவுன்சலரும் பெரிதாகச் செய்துவிடப் போவதில்லை.

இவ்வளவு தூரம் படித்தவர்கள் நான் குடும்பத்துக்கும் ஊருக்கும் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கலாம். அறைக்குள் சித்தப்பா உட்கார்ந்திருந்தால் பேச முடியாத விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. அடிக்கிற அப்பாவைப் பற்றி அவர் எதிரே யார் பேசுவார்? வேறு சாதிப் பையனை விரும்புகிறவள் எதைச் சொல்வாள்? நம் பண்பாட்டுக்கு ஏற்ற கவுன்சலிங் என்ற பெயரில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இங்கே ஏராளம். அந்த மூடிய கதவு மேற்கிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும், சிலருக்கு உயிர் தப்ப அதுதான் வழி. அதனால் என் அறையில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறேன். எத்தனை பேர் வந்தாலும் எல்லாரும் உட்காரலாம், எல்லாரும் பேசலாம். அப்புறம் கட்டாயமாக ஒரு பகுதி தனியாக. முதல் நாளே எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுவதால் யாரையும் சந்தேகப்பட்டு வெளியே அனுப்பியதாக ஆகாது.

இந்த இழுபறிக்கு நல்ல உதாரணம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் கவுன்சலிங்குக்கு அனுப்பினார். இதுவரை வழக்கமான கதை. அதற்குப் பிறகு அவரே, தனக்கும் இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7-இல் அவர் தந்த உத்தரவு, பாலீர்ப்பை 'மாற்றுகிறோம்' என்ற சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை போட்டது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பண்பாட்டுத் திறன் என்று எங்கள் படிப்பில் வருகிற அத்தியாயம் கவுன்சலர் அடுத்தவரின் பண்பாட்டைத் தெரிந்துகொள்வதைப் பற்றியே பேசும். இங்கே அதிகாரத்தில் இருந்தவர் தன் பண்பாட்டைச் சோதித்துப் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த அத்தியாயமே அமெரிக்காவில் கறுப்பர், வெள்ளையர், குடியேறியவர் என்ற பிளவுகளிலிருந்து பிறந்தது. டெரால்ட் விங் சூவும் அவர் சகாக்களும் 1992-இல் 31 திறன்களைப் பட்டியலிட்டார்கள். தேர்வுக்கு அதைத்தான் உருப்போட்டோம். நம் ஊரில் அந்த இடத்தில் சாதி என்று எழுதிப் படிக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. தமிழர்களுக்குள்ளேயே பல பண்பாடு இருப்பதால், எல்லாரும் தமிழ் பேசுகிறோம் என்பது போதாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் பண்பாட்டு நேர்காணல் என்று 16 கேள்விகள் உண்டு. கடைசிக் கேள்வி, பின்புலம் வேறாக இருப்பதால் நமக்குள் புரிதல் தவறிவிடுமோ என்று உங்களுக்குக் கவலை இருக்கிறதா என்று கேட்கும். இங்கே அதை நான் கேட்கும் முன்பே மாணவர்கள் கேட்டுவிடுகிறார்கள். "மேம், உங்களுக்கு எந்த ஊரு?" ஊர்ப்பெயரைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" அதற்கும் பதில் சொன்னால், "குலசாமி எது மேம்?" கேள்வி எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியும். முன்பெல்லாம் இதைத் துடுக்குத்தனம் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. தான் சொல்வது யார் காதுக்குப் போகும், இந்த அம்மாவுக்கு இது புரியுமா என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் மறைக்காமல் சொல்லிவிட்டு, "நான் இன்னார்ங்கிறது நீ பேசுறதுக்குத் தடையா இருக்கா?" என்று நேராகவே கேட்கிறேன்.

பெரும்பாலோர் "அதெல்லாம் இல்ல மேம்" என்பார்கள். அதை அப்படியே நம்பவும் முடியாது. ஒருத்தி மட்டும், "ஆமா மேம், இருக்கு" என்றாள். கோபம் இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருக்கும் இன்னொரு கவுன்சலரின் நம்பரைக் கொடுத்தேன். போனாள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து, "அவங்க நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா அங்க போயிட்டு வர்றதுக்குள்ள ஹாஸ்டல்ல சாப்பாடு முடிஞ்சிடுது. நீங்களே கேளுங்க, எங்க புரியலையோ அங்க நான் நிறுத்திச் சொல்றேன்" என்றாள். இரண்டு, மூன்று இடத்தில் நிறுத்தவும் செய்தாள்.